ஐம்பதில் வளைந்தவர்கள்

நடிகர் டென்னிஸ் வாட்டர்மேன் தம் குரலிலேயே பாடிய, அந்தத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாட்டு ஒலிப்பதற்குள் தேநீர்க் கோப்பை பெரியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பால் சற்றுத் தூக்கலாக, சர்க்கரை இரண்டு கரண்டி. பாட்டு தொடங்கிவிட்டால் அவர் பேச மாட்டார். நாம் பேசினாலும் பதில் வராது. 2011ஆம் ஆண்டுக் கோடையில், தெற்கு லண்டனின் தார்ன்டன் ஹீத் பகுதியில், ஓய்வுபெற்ற காவல்துறை சார்ஜென்ட் ஒருவரின் வீட்டுக்கு இரவுநேரப் பராமரிப்புப் பணியாளராக நான் போய்க்கொண்டிருந்தேன். படிப்புச் செலவுக்காகப் பார்த்த பகுதிநேர வேலை. இரவு 9 மணிக்குப் போய், மாத்திரை கொடுத்து, உடை மாற்றிவிட்டு, படுக்கையில் சேர்த்து, 9.30க்கு வெளியேறிவிட வேண்டும் என்பது நிறுவனம் வகுத்திருந்த அட்டவணை. ஆனால் திங்கட்கிழமை 9 மணிக்குத்தான் 'பிபிசி ஒன்' அலைவரிசையில் 'நியூ ட்ரிக்ஸ்' என்ற துப்பறியும் தொடர் தொடங்கும். "முப்பது வருஷம் யாரோ போட்ட நேரத்துக்கு எழுந்தேன், யாரோ போட்ட நேரத்துக்குப் படுத்தேன். திங்கட்கிழமையை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று அவர் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் கடைசி வீடு; 250ஆம் எண் பேருந்து பத்து மணிக்கு மேலும் இருந்தது. எனவே நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் நாள் அவரை 'சார்' என்று அழைத்தேன். அது இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் உரியது என்றும், லண்டன் பெருநகரக் காவல்துறையில் சார்ஜென்ட்டை 'ஸ்கிப்பர்' என்றுதான் அழைப்பார்கள் என்றும் திருத்தினார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஸ்கிப்பர். நான் வாசலைத் தாண்டியதும் அவர் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. நாற்காலிக் கைப்பிடியில் கிடக்கும் சிறிய கறுப்பு நோட்டை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வரி எழுதுவார். என்னைக் கண்காணிக்கிறார் என்று எண்ணிச் சில வாரங்கள் மனத்துக்குள் வருந்திக்கொண்டிருந்தேன்.

'நியூ ட்ரிக்ஸ்' என்ற பெயர், வயதான நாய்க்குப் புதிய வித்தை கற்பிக்க முடியாது என்னும் ஆங்கிலப் பழமொழியிலிருந்து வந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்பதைப் போன்றதுதான். அந்த ஐம்பது என்ற எண் இங்கே அப்படியே பொருந்திவிடுகிறது. பிரிட்டனின் பழைய காவல்துறை ஓய்வூதியத் திட்டத்தின்படி, முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர் முழு ஓய்வூதியத்துடன் விலகிக்கொள்ள முடிந்தது. பத்தொன்பது, இருபது வயதில் சீருடை போட்டவர் ஐம்பதைத் தொடும்போது 'முன்னாள்' ஆகிவிடுவார். உடலில் வலு இருக்கிறது, தலையில் பாதி நகரத்தின் குற்றக் கதைகள் இருக்கின்றன, கையில் வேலை இல்லை. பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களில் முன்னாள் போலீஸ்காரர்கள் இத்தனை பேர் தென்படுவதற்கு எழுத்தாளர்களின் கற்பனை மட்டும் காரணமன்று. அந்த நாட்டின் தெருக்களில் உண்மையாகவே அத்தகைய மனிதர்கள் நிறைந்திருந்தார்கள்.

தொடரை உருவாக்கியவர்கள் ராய் மிட்செல், நைஜல் மெக்ரேரி ஆகிய இருவர். மெக்ரேரி தாமே நாட்டிங்ஹாம்ஷயர் காவல்துறையில் பணியாற்றி விலகி, பின்னர் கேம்பிரிட்ஜில் படித்து, பிபிசிக்கு வந்து 'சைலண்ட் விட்னஸ்' தொடரைப் படைத்தவர். முன்னாள் போலீஸ்காரர்களைப் பற்றிய தொடரை ஒரு முன்னாள் போலீஸ்காரரே தொடங்கிவைத்தார் என்பதை அறிந்தபோது, அதன் பல காட்சிகளில் நான் உணர்ந்த நம்பகத்தன்மையின் ஊற்று புலப்பட்டது. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் முன்னோட்டப் படமாக ஒளிபரப்பான கதை, 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடராக வளர்ந்து, 2015ஆம் ஆண்டு அக்டோபர் வரை பன்னிரண்டு பருவங்கள் ஓடியது. நான் பார்த்த காலத்தில் சில வாரங்களில் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள்.

கதையின் அடித்தளம் எளிமையானது. டிடெக்டிவ் சூப்பரின்டெண்டன்ட் சாண்ட்ரா புல்மன் வேகமாக மேலேறிக்கொண்டிருந்த அதிகாரி. பிணைக்கைதியை மீட்கும் நடவடிக்கை ஒன்று குளறுபடியாகி, அவர் ஒரு நாயைச் சுட்டுவிடுகிறார். ஒதுக்கிவைப்பதற்கென்றே அவரைத் தீர்க்கப்படாத பழைய வழக்குகளைக் கிளறும் சிறு பிரிவுக்குத் தலைவராக்குகிறார்கள். அங்கே அவருக்குத் தரப்படும் ஆட்கள் ஓய்வுபெற்ற மூன்று துப்பறிவாளர்கள்: ஜேம்ஸ் போலம் நடித்த ஜாக் ஹால்ஃபோர்ட், ஆலன் ஆம்ஸ்ட்ராங் நடித்த பிரையன் லேன், வாட்டர்மேன் நடித்த ஜெர்ரி ஸ்டாண்டிங். சாண்ட்ராவாக நடித்தவர் அமாண்டா ரெட்மன். இதில் ஜாக் ஒரு காலத்தில் டிடெக்டிவ் சீஃப் சூப்பரின்டெண்டன்டாக இருந்தவர். சாண்ட்ராவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இப்போது அவர் தம் மாணவியின் கீழ் வேலை பார்க்கிறார். அது அவருக்கு ஒரு குறையாகவே தெரிவதில்லை. அதைப் பற்றி வசனம் எதுவும் இல்லாமலேயே, அவர் நாற்காலியில் சாய்ந்து அவளைப் பேசவிடும் முறையிலேயே போலம் அதைக் காட்டிவிடுகிறார்.

இந்த மூவருக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அவர்கள் காவல்துறையின் சம்பளப் பட்டியலில் உள்ள சாதாரணக் குடிமக்கள். வாரண்ட் கார்டு எனப்படும் காவல் அடையாள அட்டை சாண்ட்ராவிடம் மட்டுமே இருக்கிறது. இதை எல்லோரும் நகைச்சுவைக்கான ஏற்பாடாகவே பார்த்தார்கள். எனக்கோ, தொடரின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அட்டையை நீட்டினால் கதவு திறக்கும், திறக்காவிட்டால் உடைக்கலாம். அட்டை இல்லாதவர் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். உள்ளே போனால், கொடுத்த தேநீரைக் குடிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் அமர்ந்து, அவள் தன் வழியில், தன் வேகத்தில், சுற்றிச் சுற்றிச் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழைய விசாரணையில் அவளிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனவர்கள் கேட்காத ஒன்று அப்போதுதான் வெளியே வரும். தொடரின் எத்தனையோ வழக்குகள் இப்படித்தான் அவிழ்கின்றன. துரத்தல் குறைவு, துப்பாக்கி குறைவு, வரவேற்பறைகள் மிகுதி.

ஸ்கிப்பருக்கு இந்தக் காட்சிகள்தாம் பிடிக்கும். திரையில் ஜாக் ஏதாவது ஒரு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் இரண்டு நொடி பேசாமல் இருப்பார். அந்த இரண்டு நொடிகளில் ஸ்கிப்பரின் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையில் மெதுவாகத் தட்டும். "இப்போது சொல்வாள் பாருங்கள்" என்பார். பெரும்பாலும் சொல்லிவிடுவாள். சீருடையில் இருந்த காலத்தில் அப்படிக் காத்திருக்க நேரமே இருந்ததில்லை என்று ஒரு நாள் அவர் கூறினார். வரிசையில் அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருக்குமாம். அவர் இதைச் சொன்ன குரலில் புகார் இல்லை, வருத்தம் இருந்தது.

மூவரிலும் எனக்கு நெருக்கமானவர் பிரையன். குடிநோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர், சைக்கிளில் திரிபவர், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வழக்கொன்றின் கார் எண்ணையும் சாட்சியின் வீட்டு எண்ணையும் அப்படியே ஒப்பிப்பவர். அவருடைய குடும்பப் பெயரோடு நினைவு என்ற சொல்லைச் சேர்த்துச் சக காவலர்கள் 'மெமரி லேன்' என்று அழைத்தார்கள். அந்த நினைவாற்றலை ஒரு வரமாகக் காட்டிவிட்டுத் தொடர் நகர்ந்திருந்தால் நான் அதைச் சாதாரணமாகவே பார்த்திருப்பேன். ஆனால் அவர் பொறுப்பில் காவலில் இருந்த ஒருவன் இறந்துபோனதையும், அந்தப் பழி தம்மேல் விழுந்ததையும் அதே நினைவு அவருக்கு ஒவ்வோர் இரவும் திருப்பிக் காட்டுகிறது. மறக்க முடியாதவரிடம் மறக்க விரும்பும் நாள் ஒன்று இருக்கிறது. அவர் மனைவி எஸ்தர், சமையலறை மேசையில் பரப்பிக் கிடக்கும் காகிதங்களைப் பார்க்கும் ஒரு பார்வையிலேயே, இந்த வழக்கு கணவரைக் குடிக்குத் திருப்பிவிடுமா என்று அளந்துவிடுவார். எஸ்தராக நடித்த சூசன் ஜேம்சன், நிஜ வாழ்க்கையில் ஜாக்காக நடித்த ஜேம்ஸ் போலமின் மனைவி. தெரிந்த பிறகும் ஆம்ஸ்ட்ராங்கும் அவரும் கணவன் மனைவி அல்லர் என்று நம்ப எனக்குக் கடினமாக இருந்தது. அவ்வளவு பழகிய சலிப்பும் பரிவும் அந்தச் சமையலறையில் இருந்தன.

ஜாக்கின் வீட்டுக் காட்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி மேரி இறந்துவிட்டார். தோட்டத்தில் அவருக்கென ஓர் இடம் அமைத்து, விளக்குகள் வைத்து, இரவில் அங்கே அமர்ந்து ஜாக் அவரோடு பேசுவார். வழக்கைப் பற்றிச் சொல்வார், சாண்ட்ராவைப் பற்றிச் சொல்வார். மேரியைக் காரால் மோதியவன் ரிக்கி ஹான்சன் என்ற ரவுடி என்பது பின்னால் வெளிவருகிறது. பல பருவங்கள் நீளும் பகை அது. வாழ்நாள் முழுதும் மற்றவர்களின் துக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதியவர், தம் துக்கத்தைச் சொல்ல ஒரு செடியின் முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஸ்கிப்பரின் மனைவி காலமாகி அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காட்சி வரும்போது நான் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பது சில வாரங்களில் பழகிவிட்டது.

ஜெர்ரி வேறு வகை. மூன்று முன்னாள் மனைவியர், அவர்களிடம் பிறந்த மகள்கள், எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை சமைத்துப்போடும் உற்சாகம், பழைய ட்ரையம்ஃப் ஸ்டாக் கார். அவர் காவல்துறையில் இருந்த காலத்தில் லஞ்சத்துக்குக் கை நீட்டியவர் என்ற சந்தேகமும் அவரை விடாமல் பின்தொடர்கிறது. இந்தப் பாத்திரத்துக்கு வாட்டர்மேனைத் தேர்ந்தெடுத்ததில் பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு மட்டுமே உடனே புரியும் ஓர் அடுக்கு உண்டு. 1975 முதல் 1978 வரை ஐடிவியில் ஓடிய 'தி ஸ்வீனி' தொடரில், லண்டன் காவல்துறையில் ஆயுதக் கொள்ளைகளை விசாரிக்கும் ஃபிளையிங் ஸ்குவாட் பிரிவில் முரட்டு இளம் சார்ஜென்ட்டாக நடித்தவர் அவர்தான். கதவை உதைத்துத் திறந்த அதே மனிதர் இப்போது முழங்கால் வலியுடன் படியேறுகிறார். முன்னாள் போலீஸ்காரர் என்ற பாத்திரத்துக்குத் தேவையான கடந்தகாலம் முழுவதையும் பார்வையாளர்களே தம் நினைவிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கடந்தகாலம் அழகானதன்று. 'தி ஸ்வீனி' திரையில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1977இல், உண்மையான ஃபிளையிங் ஸ்குவாடின் தலைவராக இருந்த கென்னத் ட்ரூரி லஞ்ச வழக்கில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1984இல் இயற்றப்பட்ட காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், சந்தேக நபரை எத்தனை மணிநேரம் வைத்திருக்கலாம், வழக்கறிஞர் எப்போது வர வேண்டும், விசாரணையை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் வரையறுத்தது. ஜெர்ரியும் பிரையனும் தொழில் கற்றது அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலத்தில். தொடரில் அவர்கள் விதிகளை வளைக்கும்போதெல்லாம் சாண்ட்ரா பல்லைக் கடிக்கிறார், நாம் சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தொடரோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய வழக்கைத் திறக்கும்போது பல முறை அன்றைய அதிகாரிகளின் பொய்யும் சோம்பலும் வெளியே வருகின்றன. தொடரின் மிகச் சிறந்த கதைகள் அவை. சாண்ட்ராவின் தந்தையும் காவல் அதிகாரியே. அவர் இறந்த விதம் பற்றித் தனக்குச் சொல்லப்பட்டது உண்மையன்று, அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதை அவள் அறியும் கதை அந்த வரிசையில் உயர்ந்து நிற்கிறது. ஆனால் அத்தகைய கதைகளிலும் இறுதியில் மதுக்கடையில் ஒரு சுற்று பீரோடு கனம் சற்று இறங்கிவிடுகிறது. அந்தப் பொய்களுக்காகச் சிறையில் ஆண்டுகளைக் கழித்த மனிதர் அந்த மேசையில் ஒருபோதும் உட்கார்வதில்லை.

நான் இப்படி நினைப்பதற்கு ஓர் உண்மை வழக்கு காரணம். 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, வேல்ஸின் கார்டிஃப் நகரில் லினெட் வைட் என்ற இருபது வயதுப் பெண் கொல்லப்பட்டார். இரத்தக் கறையுடன் அருகில் காணப்பட்ட ஒரு வெள்ளையரின் உருவப்படத்தைக் காவல்துறை வெளியிட்டிருந்தது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் கைது செய்யப்பட்டவர்கள் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமான ஐந்து பேர். அவர்களில் மூவருக்கு 1990இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒருவரை ஐந்து நாட்களில் பதின்மூன்று மணிநேரம் விசாரித்திருந்தார்கள், முந்நூறு தடவைக்கும் மேல் அவர் மறுத்திருந்தார், கடைசியில் உடைந்துபோனார். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அந்த விசாரணை ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. 1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்த நாடா ஒலித்தபோது, அதில் கேட்ட அதட்டலைக் கண்டு தலைமை நீதிபதி டெய்லர் பிரபுவே அதிர்ந்துபோனார். மூவரும் விடுதலையானார்கள்.

உண்மையான கொலையாளி பிடிபட்டது 2003இல். 'நியூ ட்ரிக்ஸ்' முன்னோட்டப் படம் வெளியான அதே ஆண்டு. சம்பவ வீட்டின் சுவரடிப் பலகையில், பிற்காலத்தில் பூசப்பட்ட வண்ண அடுக்குகளுக்கு அடியில், இரத்தத் தடயம் எஞ்சியிருந்தது. அதிலிருந்து கிடைத்த மரபணு வரைவைத் தேசிய மரபணுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டபோது, கொலை நடந்த நாளில் பிறந்தே இராத ஒரு பதினான்கு வயதுச் சிறுவனின் வரைவு நெருங்கி வந்தது. அந்தச் சிறுவனின் உறவினர்களிடையே தேடியதில் ஜெஃப்ரி கஃபூர் சிக்கினான். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். பழைய வழக்குகளைத் திறக்கும் பிரிவுகள் உண்மையில் இப்படித்தான் வேலை செய்தன: தரவுத்தளம் ஒரு பெயரின் அருகே கொண்டுபோய் நிறுத்தும், அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டிப் பேசியாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்த முதல் விசாரணையை நடத்திய முன்னாள் காவல் அதிகாரிகள் எட்டுப் பேர், நீதியைத் திரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 2011இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எல்லோரும் மறுத்தார்கள். டிசம்பரில் அந்த வழக்கு சரிந்தது. சில ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாகக் கருதப்பட்டதால் அரசுத் தரப்பு பின்வாங்கியது, எட்டுப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அன்று இரவு நான் போனபோது ஸ்கிப்பர் செய்தி அலைவரிசையை வைத்திருந்தார். அவர் தம் பழைய சகாக்களுக்காக நிம்மதி அடைவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பெட்டிகள் எங்கே?" பிறகு, மாத்திரையை விழுங்கிவிட்டு, "எழுதியது எங்கேயாவது இருக்கும்" என்றார். அடுத்த மாதமே அந்த ஆவணங்கள் அழிக்கப்படவே இல்லை என்றும், தெற்கு வேல்ஸ் காவல்துறையிடமே அவற்றின் பெட்டிகளில் இருந்தன என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த மறுஒளிபரப்புகளில், நிலவறையிலிருந்து தூசி படிந்த கோப்புப் பெட்டியைப் பிரையன் தூக்கி வரும் காட்சி எனக்கு வேறாகத் தெரிந்தது. பெட்டி இருக்கிறது என்பதே பெரிய செய்தி. அதைத் திறக்கும் ஆள் அதைவிடப் பெரிய செய்தி.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கறுப்பு நோட்டுக்கு வர வேண்டும். 2012 வசந்தத்தில் என் சம்பளத்தில் ஒரு பகுதி வரவில்லை. வாடிக்கையாளர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்து வருகையையும் புறப்பாட்டையும் பதிவு செய்வது எங்கள் முறை. பதினோரு இரவுகளின் பதிவு தங்கள் கணினியில் இல்லை என்றும், எனவே நான் போகவே இல்லை என்றும் நிறுவனம் கடிதம் அனுப்பியது. மாணவர் விசாவில் இருந்த எனக்கு அந்தப் பணத்தைவிட அந்தக் குற்றச்சாட்டு அச்சமாக இருந்தது. ஸ்கிப்பரிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தேநீர்க் கோப்பையை வைக்கும்போதே கை நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, நான் பேசி முடித்த பிறகும் இரண்டு நொடி பேசாமல் இருந்தார். நான் மீதியையும் சொன்னேன்.

அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். முதல் முறையாக அதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு பதிவு. தேதி, கிழமை, நான் வந்த நிமிடம், என்ன மாத்திரை, நான் போன நிமிடம். வரிகளுக்கு இடையே ஓர் இடைவெளி இல்லை. பக்க முடிவில் மிஞ்சிய இடம் ஒரு கோட்டால் அடைக்கப்பட்டிருந்தது. தவறிய சொல் அழிக்கப்படாமல், கீழே உள்ளது படிக்கும்படியாக ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இடப்பட்டிருந்தது. காவலரின் சட்டைப்பை நோட்டுக்கு உரிய விதிகள் இவை என்று விளக்கினார்: அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது, வெற்றிடம் விடக்கூடாது, மேலெழுதக்கூடாது, வரிக்கு நடுவே செருகக்கூடாது, ஒருவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்தது. ஓய்வுபெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும், அதைப் படிக்க மேலதிகாரி எவரும் இல்லாத நிலையிலும், அவர் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. பதினோரு இரவுகளும் அங்கே இருந்தன. அவற்றில் இரண்டில், என் பெயருக்குப் பக்கத்தில் 'தொலைபேசி வேலை செய்யவில்லை, மறுமுறை முயன்றார்' என்றும் இருந்தது.

அவர் ஒரு வாக்குமூலம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, நோட்டின் நகல்களோடு அனுப்பச் சொன்னார். கீழே தம் பெயரை எழுதி, பழைய பதவியையும் எண்ணையும் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வாடிக்கையாளர்' என்று மட்டும் எழுதினார். இரண்டு வாரத்தில் பணம் வந்தது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

ஜாக்கும் பிரையனும் ஜெர்ரியும் செய்வதாக நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்பது அந்த வாரம் உறைத்தது. அட்டையும் தடியும் அதிகாரமும் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு மிஞ்சும் தொழில் இது: கவனித்துக் குறித்துவைப்பது, கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அவர்களிடம் அதிகாரம் இருந்த காலத்தில் இந்தத் தொழிலை இவ்வளவு நன்றாகச் செய்யவில்லை என்பதைத் தொடரே பல இடங்களில் ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலுக்காகவே அதன் குறைகளைத் தாண்டி அதை நேசிக்கிறேன்.

பிற்காலப் பருவங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போலம் 2012இலும், ஆம்ஸ்ட்ராங்கும் ரெட்மனும் 2013இலும் விலகினார்கள். டெனிஸ் லாசன், நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட், டாம்சின் அவுத்வெய்ட் ஆகியோர் அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். லிண்ட்ஹர்ஸ்டின் டான் கிரிஃபின் அடக்கமாகச் செதுக்கப்பட்ட பாத்திரம். அவருக்காக ஒரு பருவத்தை முழுவதும் பார்த்தேன். கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில் வாட்டர்மேனும் போய்விட்டார். வழக்குகள் இறுக்கமாக இருந்தன, நடிப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த அறையில் சேர்ந்தே மூப்படைந்தவர்கள் யாரும் இல்லை.

ஜாக் விடைபெறும் கதை 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி, வங்கி விடுமுறைத் திங்களன்று ஒளிபரப்பானது. நோய் முற்றிவிட்டது என்று தெரிந்த நிலையில், ஆர்ப்பாட்டம் ஏதுமின்றி, பிரான்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிடுகிறார். அன்று ஸ்கிப்பர் தேநீரைத் தொடவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது, வழக்கத்துக்கு மாறாக, தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். நோட்டை எடுத்து எழுதிவிட்டு மூடிவைத்தார். நான் அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டுப் பேருந்துக்குப் போனேன்.

அடுத்த ஆண்டு என் படிப்பு முடிந்தது. அவர் மகள் வசிக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அவர் மாறினார். வீட்டைக் காலி செய்யும்போது அவர் மகள் என்னைக் கூப்பிட்டு, அப்பா கொடுக்கச் சொன்னதாக 2012ஆம் ஆண்டின் நோட்டைக் கொடுத்தார். சாய்ந்த, சிறிய, சீரான எழுத்து. ஆகஸ்ட் 27ஆம் தேதிக்கு நான்கு வரிகள்:

20.58 வருகை.
21.00 நியூ ட்ரிக்ஸ்.
21.56 ஜாக் போய்விட்டார்.
22.10 புறப்பாடு.

அதற்குக் கீழே மிஞ்சிய இடம் ஒரு கோட்டால் அடைக்கப்பட்டிருந்தது.